கொட்டகைச் சோளப்பொரியும் தோட்டத்து எண்ணெயும்



விடுமுறை நாளில் குடும்பத்தோடு பட்டணத்திற்குப் படம் பார்க்கப் போகிறோம். சீட்டு வாங்கும் இடத்தை அடைவதற்கு முன்பே ஒரு வாசனை வந்து மூக்கைத் துளைக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் நிறத்தில் குவிந்து கிடக்கும் சோளப்பொரியின் வாசனை அது. பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். குடும்பத் தலைவரோ மனத்திற்குள் கணக்குப் போடுகிறார். ஒரு காகித வாளிப் பொரியின் விலை பல வேளைகளில் ஓர் ஆளின் சீட்டு விலையை எட்டிவிடுகிறது. நான்கு பேர் படம் பார்க்கப் போனால் ஆறு பேருக்கு உரிய செலவு ஆகிறது.

இந்தப் பொரி எங்கிருந்து வந்தது? கொட்டகைக்குள் எப்படி நுழைந்தது? கையளவு சோளத்திற்கு ஏன் இத்தனை வெள்ளி? அதே பொரியை நம் வீட்டு அடுப்பில் செய்ய முடியுமா? இவற்றை இன்று பார்ப்போம். இந்தக் கதையில் அமெரிக்காவுக்கு இடம் உண்டு. கோல சிலாங்கூருக்கும், அதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் உழைத்த நம் மக்களுக்கும் இடம் உண்டு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொரி நமக்குப் புதிய பண்டம் அன்று. கார்த்திகைத் திருநாளில் நெற்பொரியில் வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடிக்கிறோம். சரசுவதி பூசையன்று பொரியும் கடலையும் படைக்கிறோம். திருமணத்தில் மணப்பெண்ணின் கையில் அவளுடைய உடன்பிறந்தான் பொரியை அள்ளிக் கொடுக்க, அவள் அதை வேள்வித் தீயில் இடுகிறாள். மலாய்க்காரர்களும் நெற்பொரியைப் பெர்த்தே என்று சொல்லித் தங்கள் சடங்குகளில் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். சோளப்பொரிக்கு அவர்கள் வைத்த பெயரே பெர்த்தே ஜாகோங் என்பதுதான். பழைய பொரியின் பெயரைப் புதிய பொரிக்கும் கொடுத்துவிட்டார்கள்.

புதியது எது என்றால் மக்காச்சோளம். தமிழகத்தில் தொன்றுதொட்டு விளைந்த சோளம் வேறு, இது வேறு. மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த மக்கள் ஒருவகைக் காட்டுப் புல்லைப் பயிராக்கி, தலைமுறை தலைமுறையாக நல்ல விதையைப் பொறுக்கி எடுத்து வளர்த்து, இன்றைய சோளக் கதிரை உண்டாக்கினார்கள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் வடகரையில் ஆராய்ச்சியாளர்கள் மண்ணைத் தோண்டியபோது, 6,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட சோளக் கதிர்களும் தண்டுகளும் கிடைத்தன. அக்காலத்திலேயே அம்மக்கள் சோளத்தைப் பொரித்துத் தின்றதற்கு அவை சான்றாக உள்ளன. கொலம்பஸ் அமெரிக்கா சென்ற பிறகுதான் இந்தத் தானியம் மற்றக் கண்டங்களுக்குப் பரவியது. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர் என்பர். மக்காச்சோளம் என்ற பெயரே, அது கடல் கடந்து வந்தது என்பதை நினைவூட்டுகிறது.

எல்லாச் சோளமும் பொரியாது. நாம் சுட்டுத் தின்னும் இனிப்புச் சோளத்தை உலர்த்திச் சட்டியில் போட்டால் கருகுமே தவிர மலராது. பொரிச்சோளத்தின் தோல் கெட்டியானது. உள்ளே மாவும், அந்த மாவுக்குள் சிறிது ஈரமும் இருக்கும். நூற்றுக்கு 13 அல்லது 14 பங்கு ஈரம் இருந்தால் பொரி நன்றாக மலரும். சூடு ஏற ஏற அந்த ஈரம் ஆவியாக மாறுகிறது. தோல் விட்டுக்கொடுப்பதில்லை. ஆவியும் வெளியேற வழியில்லை. ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் வெப்பம் வரும்போது உள்ளிருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கு ஆகிவிடுகிறது. அப்போது தோல் வெடிக்கிறது. குழைந்திருந்த மாவு நுரையாகப் பொங்கி, அந்த நொடியே ஆறி இறுகுகிறது. அதுதான் பொரி.

நெல்லைப் பொரிக்கும்போது நம் பாட்டிமார் சட்டியில் மணலைச் சூடாக்கி அதில் நெல்லைப் போட்டு வறுப்பார்கள் அல்லவா? மணல் எதற்கு? ஒவ்வொரு நெல்மணிக்கும் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சூடு கிடைப்பதற்கு. கொட்டகைச் சோளப்பொரியில் மணலின் வேலையைச் செய்வது எண்ணெய். கொட்டகைப் பொரியின் இரகசியம் முழுவதும் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது.

அந்த இரகசியத்தை இயந்திரத்தில் அடக்கியவர் அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த சார்லஸ் கிரேட்டர்ஸ். 1885ஆம் ஆண்டில் அங்கே தொழில் தொடங்கிய அவர், நீராவியால் இயங்கும் பொரி இயந்திரத்தைச் செய்து, 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் மக்கள் முன் வைத்தார். அதுவரை கம்பிக் கூடையில் சோளத்தைப் போட்டுத் தீக்கு மேல் குலுக்குவதே வழக்கம். சில மணி கருகும், சில மணி பொரியாமல் கிடக்கும், உப்பும் ஒட்டாது. கிரேட்டர்ஸ் கொழுப்பையும் உப்பையும் முதலிலேயே சேர்த்து, சோளத்தை அதற்குள்ளேயே பொரிய விட்டார். ஒரு பங்கு உருக்கிய நெய்யும் இரண்டு பங்கு பன்றிக் கொழுப்பும் அவர் பயன்படுத்திய கலவை. பின்னால் வந்தவர்கள் கொழுப்பை மாற்றினார்கள், முறையை மாற்றவில்லை. இன்று நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் காணும் தொங்கு சட்டியிலும் நடப்பது அதுவே.

இயந்திரத்திற்குச் சக்கரம் இருந்தபடியால் வியாபாரி அதைத் திருவிழாவுக்கும் சந்தைக்கும் தள்ளிக்கொண்டு போனார். ஆனால் படக்கொட்டகைக்குள் மட்டும் அவரை விடவில்லை. அந்நாள் முதலாளிகள் கொட்டகையை அரண்மனை போல் கட்டி, தரையில் விலையுயர்ந்த கம்பளம் விரித்திருந்தார்கள். அதில் பொரி சிந்துவதை அவர்கள் விரும்பவில்லை. மேலும் அது ஊமைப்படக் காலம். மென்று தின்னும் ஓசை படம் பார்ப்பவர்களுக்கு இடைஞ்சலாகும் என்றும் எண்ணினார்கள். 1927இல் அமெரிக்காவில் படம் பேசத் தொடங்கியது. நம் தமிழ்ப்படம் 1931இல் ‘காளிதாஸ்’ மூலம் பேசத் தொடங்கியது. படம் பேசிய பிறகு மெல்லும் ஓசை யார் காதிலும் விழவில்லை.

அதே சமயத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1929ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய அந்த நெருக்கடியில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். கையில் காசில்லாத மக்களுக்கு ஐந்து காசு, பத்துக் காசுக்குக் கிடைத்த சோளப்பொரிதான் எட்டக்கூடிய இன்பமாக இருந்தது. கான்சாஸ் சிட்டி நகரில் ஜூலியா பிரேடன் என்ற பெண்மணி ஒரு கொட்டகைக்காரரிடம் பேசி, அவருடைய முன்கூடத்திலேயே பொரிக் கடை போட அனுமதி பெற்றார். 1931க்குள் அவருக்கு நான்கு கடைகள். ஆண்டுக்கு 14,400 டாலருக்கு மேல் வருவாய். டல்லாஸ் நகரக் கம்பெனி ஒன்று தன் 80 கொட்டகைகளில் பொரி இயந்திரம் வைத்தது. மிக உயர்ந்தவை என்று கருதிய ஐந்து கொட்டகைகளில் மட்டும் வைக்க மறுத்தது. இரண்டே ஆண்டுகளில் பொரி விற்ற கொட்டகைகளில் இலாபம் குவிந்தது. பொரி விற்காத ஐந்தும் நட்டத்தில் விழுந்தன. அன்றிலிருந்து பொரி இல்லாத கொட்டகையே இல்லை என்றாயிற்று.

இதே ஆண்டுகளில் நம் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மோட்டார் வண்டி விற்பனை விழுந்ததும் டயருக்குத் தேவை குறைந்தது. ரப்பர் விலை சரிந்தது. மலாயாத் தோட்டங்களில் கூலி வெட்டப்பட்டது. 1930க்கும் 1932க்கும் இடையில் பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அமெரிக்கத் தொழிலாளிக்கு ஐந்து காசுப் பொரியைக் கொடுத்த அதே மந்தம் நம் பால்வெட்டுத் தொழிலாளியின் கையிலிருந்து உளியைப் பிடுங்கியது. உலகச் சந்தையின் கயிறு எவ்வளவு நீளமானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

நம் பக்கத்துப் படக்காட்சியின் கதை வேறு. தோட்டத்து மக்களைத் தேடிப் படமே வந்தது. 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு அமைக்கப்பட்டது. அவசரகாலத்தில் அரசாங்கத்தின் நடமாடும் படவண்டிகள் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்று படம் காட்டின. தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணி கட்டினால் அதுவே கொட்டகை. பாய் விரித்து உட்கார்ந்தவர்களுக்குத் தின்பண்டம் கச்சாங் பூத்தே. வறுத்த கடலை, அவித்த கொண்டைக்கடலை, பட்டாணி, முறுக்கு ஆகியவற்றைக் காகிதக் கூம்பில் சுருட்டிக் கொடுப்பார்கள். பட்டணத்துக் கொட்டகை வாசலிலும் தலையில் பலகைத் தட்டு வைத்து இதை விற்றவர்கள் பெரும்பாலும் தமிழர்களே. ஈப்போவில் புந்தோங் பகுதிக்குக் கச்சாங் பூத்தே கம்பம் என்றே பெயர் வந்துவிட்டது. எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே அத்தொழிலை வளர்த்தன. அமெரிக்காவில் ஜூலியா பிரேடனைப் போன்றவர்கள் கொட்டகைக்குள் இடம் பிடித்தார்கள். நம்மவர்களோ பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு குளிரூட்டிய அரங்குகள் வந்தன. வெளித் தின்பண்டத்திற்குத் தடை வந்தது. உள்ளே சோளப்பொரி இயந்திரம் அமர்ந்தது.

இடையில் ஒரு பெரும்போர் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்ததால் மிட்டாய் அருகியது. அந்த இடத்தைச் சோளப்பொரி பிடித்தது. அந்நாட்டு மக்கள் முன்னைவிட மூன்று மடங்கு பொரி தின்றார்கள். 1945 வாக்கில் அங்கே விற்ற பொரியில் பாதிக்கு மேல் கொட்டகைகளில் விற்றது. அந்த ஆண்டுகளில் நம் மக்கள் தின்றது மரவள்ளிக்கிழங்கு. தோட்டத்து ஆண்கள் பலரைச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

இனி அந்த எண்ணெய்க்கு வருவோம். பன்றிக் கொழுப்பின் இடத்தை அமெரிக்கக் கொட்டகைகளில் காலப்போக்கில் பிடித்தது தேங்காய் எண்ணெய். அது எளிதில் சிக்கு வாடை அடிக்காது. சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் 180 டிகிரி வெப்பத்தில் கருகாது. நல்ல மணமும் தரும். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதால், குளிர்நாட்டில் ஆறிய பொரி கையில் பிசுபிசுப்பதும் இல்லை. அதற்கு வேண்டிய கொப்பரையில் பெரும்பங்கு பிலிப்பீன்ஸ் தீவுகளிலிருந்து போயிற்று. போரில் ஜப்பானியர் அத்தீவுகளைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. அப்போதுதான் தங்கள் பொரியின் சுவை வெப்பநாட்டுத் தென்னையை நம்பியிருக்கிறது என்பது அந்நாட்டு வியாபாரிகளுக்கு உறைத்தது.

தென்னை என்றவுடன் நம் கரையோரம் நினைவுக்கு வர வேண்டும். ஜெரம், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று நீளும் வடசிலாங்கூர்க் கரையின் களிமண் நிலம் தென்னைக்கு ஏற்றது. கொப்பரை வெட்டி உலர்த்துவது இவ்வட்டாரத்தின் பழைய தொழில்களில் ஒன்று. கரையை விட்டு உள்ளே வந்தால், 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் ஒரு தோட்டம் இருக்கிறது. அதன் பெயர் தென்னமரம். ஆம், நம் தமிழ்ச் சொல்லே தோட்டத்தின் பெயர். ஆனால் அந்தத் தோட்டம் வரலாற்றில் இடம் பெற்றது வேறொரு மரத்தால். ஹென்றி பொக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் அங்கேதான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. தென்னமரம் என்ற பெயருள்ள மண்ணிலிருந்து செம்பனை நாடெங்கும் பரவி, 1960களிலிருந்து ரப்பரின் இடத்தையும் பிடித்துக்கொண்டது.

செம்பனையில் நம் பெண்களின் கைவேலை ஒன்று இருந்தது. இன்றைய இளைஞர்கள் பலருக்கு அது தெரியாது. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சேர்ந்தால்தான் குலை நன்றாகக் காய்க்கும். இந்நாட்டில் அந்த வேலையைச் செவ்வனே செய்யும் பூச்சி இல்லை. ஆகவே மகரந்தத்தை மாவோடு கலந்து மரம் மரமாகச் சென்று கையால் தூவி வந்தார்கள். பெரும்பாலும் பெண்களே இவ்வேலையைச் செய்தார்கள். 1981இல் ஆப்பிரிக்காவின் காமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகே அந்த வேலை முடிவுக்கு வந்தது.

செம்பனைக்கும் பொரியின் மஞ்சளுக்கும் ஓர் உறவு உண்டு. கொட்டகைப் பொரியின் நிறம் சோளத்திலிருந்து வருவதன்று. தேங்காய் எண்ணெயில் கரோட்டின் என்ற நிறப்பொருளைச் சேர்த்து அந்த மஞ்சளை உண்டாக்குகிறார்கள். அதே கரோட்டின் பச்சைச் செம்பனை எண்ணெயில் இயற்கையாகவே நிறைந்திருக்கிறது. 10 இலட்சம் பங்கில் 500 முதல் 700 பங்கு வரை உண்டு. அதன் சிவப்புக்குக் காரணம் அதுவே. ஆலையில் எண்ணெயைச் சுத்திகரித்து வெளிறச் செய்யும்போது அந்த நிறம் போய்விடுகிறது.

இந்த எண்ணெய்களுக்கு ஒரு சோதனையும் வந்தது. 1987 முதல் 1989 வரை அமெரிக்கச் சோயா விவசாயிகளின் சங்கம், வெப்பநாட்டு எண்ணெய்கள் இருதயத்திற்குக் கேடு என்று பெரிய பிரசாரம் நடத்தியது. அது உடல்நலக் கேள்வியாகவும் இருந்தது. சந்தைப் போட்டியாகவும் இருந்தது. நம் நாடு எதிர்வாதம் செய்து, 1989இல் உடன்பாடு ஏற்பட்டது. 1994இல் அந்நாட்டு நுகர்வோர் அமைப்பு ஒன்று, தேங்காய் எண்ணெயில் பொரித்த பெரிய வாளிப் பொரியில் இரண்டு மூன்று நாள்களுக்கு உரிய நிறைவுற்ற கொழுப்பு இருப்பதாகக் கணக்குக் காட்டியது. கொட்டகைகள் பல எண்ணெயை மாற்றின. இதில் நமக்கும் பாடம் உண்டு. நம் எண்ணெய் என்பதற்காக அதை அளவின்றித் தின்னலாகாது. பிறர் குறை சொன்னார்கள் என்பதற்காக அதை நஞ்சென்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. அளவே மருந்து.

இன்னொரு செய்தி தொழிலாளர் குடும்பங்கள் அறிய வேண்டியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், நுண்ணலை அடுப்புக்கான பொரிப் பைகளைத் தயாரித்த ஆலையில் முன்பு வேலை செய்த எட்டுப் பேருக்கு, மூச்சுக்குழாய்கள் அடைபடும் கடுமையான நுரையீரல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. வெண்ணெய் வாசனைக்காகச் சேர்த்த டைஅசிட்டைல் என்ற இரசாயனத்தின் ஆவியை அவர்கள் நாள்தோறும் சுவாசித்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. தின்றவர்களுக்கு வாசனை, செய்தவர்களுக்கு நோய். தோட்டத்தில் முதுகில் டப்பா சுமந்து மருந்தடித்த நம் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வேலையிடத்தில் நாம் எதைச் சுவாசிக்கிறோம் என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்டு.

பொரிக்கு ஏன் அத்தனை விலை என்ற கேள்விக்கும் இப்போது விடை சொல்லலாம். சீட்டு விற்ற பணத்தில் பெரும்பங்கு படத்தை வெளியிடுபவருக்குப் போய்விடுகிறது. பொரி விற்ற பணமோ கொட்டகைக்காரருக்கே சேர்கிறது. ஒரு பிடிச் சோளம் பொரிந்தால் முப்பது, நாற்பது மடங்கு வரை பெருகும். வாளியில் நிறைந்திருப்பது பெரும்பாலும் காற்று. வாளிக்கு நாம் கொடுக்கும் விலையில் சோளம் விளைத்தவருக்கும் எண்ணெய்க்காகக் குலை வெட்டியவருக்கும் போவது மிகச் சிறு துளியே.

ஆகவே, தாய்மார்களே, வீட்டிலேயே செய்யும் முறையைக் கேளுங்கள்.

கனமான அடியுள்ள, மூடியோடு கூடிய பெரிய பானை வேண்டும். அரைக் குவளைப் பொரிச்சோளத்திற்கு மூன்று மேசைக் கரண்டி சுத்திகரித்த தேங்காய் எண்ணெய் போதும். சமையலுக்கு வாங்கும் செம்பனை எண்ணெயும் ஆகும். நடுத்தரமான தீயில் எண்ணெயை வைத்து மூன்று மணிச் சோளத்தை மட்டும் போடுங்கள். அவை பொரிந்தால் சூடு சரியாக இருக்கிறது என்று பொருள். உடனே பானையை இறக்கி, மீதிச் சோளத்தையும் உப்பையும் போட்டு, மூடி, அரை நிமிடம் வைத்திருங்கள். எல்லா மணிக்கும் ஒரே சூடு ஏறுவதற்காகவே இந்தக் காத்திருப்பு. பின்பு அடுப்பில் ஏற்றி, அவ்வப்போது குலுக்குங்கள். மூடியைச் சற்றே ஒதுக்கி ஆவியை வெளியே விட வேண்டும். ஆவி உள்ளேயே நின்றால் பொரி சவசவத்துப் போகும். வெடிக்கும் ஓசை குறைந்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இரண்டு மூன்று நொடி இடைவெளி வந்ததும் இறக்கிக் கொட்டிவிடுங்கள்.

உப்பு மாவுபோல் பொடியாக இருக்க வேண்டும். கொட்டகைக்காரர்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள். கல்லுப்பு பொரியில் ஒட்டாமல் அடியில் தங்கிவிடும். அம்மியிலோ அரைக்கும் இயந்திரத்திலோ பொடித்துக்கொள்ளலாம். நிறத்திற்கு எண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போதும். வெண்ணெய் மணம் வேண்டுமானால் வெண்ணெயை ஊற்றாதீர்கள்; அதில் உள்ள நீர் பொரியை நமத்துப்போகச் செய்யும். உருக்கிய நெய் ஒரு கரண்டி தெளியுங்கள். 1893இல் கிரேட்டர்ஸ் சேர்த்ததும் அதுவே.

சோளத்தைக் காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். நாள்பட்டு உலர்ந்துபோன சோளம் பொரியவில்லை என்றால், ஒரு கரண்டி நீர் தெளித்துக் குலுக்கி மூன்று நாள் மூடி வைத்தால் மீண்டும் பொரியும். எண்ணெய்ச் சூடு பொல்லாதது. பிள்ளைகளை அடுப்பருகே விடலாகாது. நான்கு வயது நிரம்பாத குழந்தைக்குச் சோளப்பொரி கொடுக்கவே கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

லயத்து வீடுகளை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்ட குடும்பங்கள் இன்று நம்மில் ஏராளம். தோட்டங்களில் குலை வெட்டும் கைகளில் பெரும்பாலானவை இப்போது அயல்நாட்டிலிருந்து வந்தவை. ஆனாலும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடிய வரலாறு ஒன்று உண்டு. பானைக்குள் சோளம் வெடிக்கும்போது அவர்களை அருகே, ஆனால் அடுப்புக்கு எட்டாத தொலைவில், உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள். இந்தச் சோளம் மெக்சிகோ உழவன் கண்டது. பொரிக்கும் கலை நம் பாட்டிமாருக்கும் தெரிந்தது. இந்த எண்ணெய், தென்னமரம் என்று தமிழ்ப் பெயர் தாங்கிய மண்ணில் நம்மவர் நட்டு, தூவி, வெட்டி வளர்த்த மரத்திலிருந்து வந்தது. அதைத் தெரிந்துகொண்டு தின்னும் பிள்ளை, நாளை அதன் விலையைப் பற்றியும் கேள்வி கேட்கும்.